கல்லுக்கடியில் முட்டைக்கோஸ்

1923 ஜனவரி 16, செவ்வாய்

துவைக்கிற நாள். பிரெஞ்சுப் படைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை போலிருக்கிறது. அவர்கள் ஹெர்ன ஊருக்குள் நுழைந்தபோது சுரங்கக் காலனி முழுக்க எங்கள் உள்ளாடைகள்தான் கொடி கட்டி வரவேற்றன. குதிரைகள், சைக்கிள்கள், ஒரு பீரங்கி, அதற்குப் பின்னால் புகைபோக்கி வைத்த சமையல் வண்டி. பக்கத்து வீட்டு ஒட்டிலீ அக்கா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "சண்டை முடிஞ்சு நாலு வருஷமாச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா இவங்களுக்கு?"

தோற்ற போருக்கு இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து நாங்கள் அனுப்ப வேண்டிய நிலக்கரி சரியாக வந்து சேரவில்லையாம். அதனால் ரூர் பகுதி முழுவதையும் பிடித்துத் தாங்களே அள்ளிக்கொள்ளப் போகிறார்களாம். "நாங்கள்" என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. எனக்கும் என் புருஷன் வாலென்டிக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்குள் போலிஷ், படி இறங்கினால் ஜெர்மன். தோற்றபோது மட்டும் தவறாமல் எங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

துணி காயவில்லை.

ஜனவரி 23

பெர்லினிலிருந்து உத்தரவு: ஒத்துழையாமை. சுரங்க முற்றத்தில் துப்பாக்கி முனை தெரிகிறவரை ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது. அவர்கள் கரியை ஏற்றிக்கொண்டு போனால் மறுபடி இறங்கலாம். வேலை செய்யாத நாளுக்கும் கூலி உண்டு.

இன்று பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். ஆகவே வாலென்டி பத்து மணிக்கே வீட்டில். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, நான் உருளைக்கிழங்கு தோல் சீவுவதை உட்கார்ந்து பார்த்தான். "ரொம்ப ஆழமா சீவுறியே" என்றான். இந்த ஒத்துழையாமை எத்தனை நாள் என்று பெர்லினில் யாரையாவது கேட்க வேண்டும்.

ஜனவரி 30

பங்குக்கரி வரவில்லை. சுரங்கத்து ஆள் ஒவ்வொருவனுக்கும் வீட்டு அடுப்புக்கென்று வாசலில் கொட்டுவார்களே, அது. சுரங்க வாசலில் காவல் போட்டுவிட்டார்கள். ஒரு கூடை கரி வெளியே போகாது. கல் போகலாம், கல் யாருக்கும் வேண்டாம்.

காலடியில் அறுநூறு மீட்டர் ஆழம்வரை கரி. அடுப்பில் எரிவது பழைய வேலிக்கட்டை.

பிப்ரவரி 6

இன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பெருமையாகத்தான் எழுதுகிறேன், படிக்கப் போவது நான்தானே.

பீப்பாயிலிருந்து உப்பில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் எடுக்கப் போனேன். மேலே பாரத்துக்கு வைத்திருக்கிற கல்லைத் தூக்கி, பலகையை நகர்த்தி, உள்ளே கை விட்டேன். அப்படியே நின்றுவிட்டேன். கல்லைப் பார்க்கிறவன் அடியில் முட்டைக்கோஸ் இருப்பதாக நினைப்பானா?

காலனிக்குப் பின்னால் கல்மேடு இருக்கிறது. சுரங்கத்திலிருந்து வருகிற வெறும் கல்லையெல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம். காவல்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் இல்லாத நாட்களில் சுரங்கம் ஓடுகிறதே, அப்போது கல்வண்டிகளோடு சில கரிவண்டிகளும் வழி தவறிப் போய்விட்டால்? மேலே கல்லைப் போட்டு மூடிவிட்டால்? வீட்டில் வைத்தால் சோதனையில் போய்விடும். மேட்டில் இருந்தால் அடுத்த குளிர்காலத்துக்கு அறுபது வீட்டுக்கும் ஆகும்.

வாலென்டி சூப்பை ஊதிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான். "கரியைக் குவிச்சு மூடி வெச்சா உள்ளுக்குள்ள சூடேறும், பெலா. விட்டா தானாவே பத்திக்கும். சுரங்கத்துல எந்த முட்டாளுக்கும் இது தெரியும்."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"நம்ம கரி… ரெண்டு மாசம். மூணு மாசம்."

"அதுக்குள்ள இவங்க போயிட மாட்டாங்களா?"

யோசித்தான். "ஈஸ்டருக்குள்ள போயிடுவாங்க" என்றான். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

பிப்ரவரி 15

தொழிலாளர் மன்றத்து டூக்கர்ஸுக்கு யோசனை பிடித்துவிட்டது. மனுஷனுக்கு மீசையும் கொள்கையும் ஒரே அளவு. இரண்டையும் தினம் சீவிக்கொள்வான். முற்றத்து ஆட்கள் முப்பது பேரிடம் பேசி முடித்தாயிற்று. இப்போது காலனி முழுக்க ஒரே பேச்சு: "இன்னிக்கு முட்டைக்கோஸ் போட்டாச்சா?" "நாலு பீப்பாய்." பிரெஞ்சுக்காரர்கள் எங்களை நன்றாகத் தின்கிற ஜனம் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 3

பதினெட்டு நாளாக முட்டைக்கோஸ். மேடு கொஞ்சம் பருத்திருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ?

மார்ச் 11

ஒட்டிலீ அக்கா தங்கை வீட்டுக்குக் கெல்சன்கிர்ஷன்வரை நடந்தே போய், நடந்தே திரும்பினாள். பிரெஞ்சுக்காரன் ஓட்டுகிற ரயிலில் ஏறினால் காலனியில் அப்புறம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். "ரயிலு காலியா என் பக்கத்துலயே போகுது. ஓட்டுறவன் கை ஆட்டுறான். நானும் ஆட்டினேன், பாவம்" என்றாள். கால் முழுக்கக் கொப்புளம்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

போகவில்லை.

ஏப்ரல் 19

இப்போது மேட்டுப் பக்கமே ஒரு காவல்கூண்டு வைத்துவிட்டார்கள். கார்ப்பொரல் ஒருவன், கூட நாலு பேர். கரியைத் திருப்பி எடுக்க வழியில்லை. கார்ப்பொரல் இன்று வேலியோரம் வந்து ஜெர்மனில் வெந்நீர் கேட்டான், சுத்தமான ஜெர்மன். கேட்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நின்றான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும்.

மே 13, ஞாயிறு

பனிச் சாமியார்கள் வந்துவிட்டார்கள். மே மாதத்தில் வருஷா வருஷம் இந்த மூன்று நாலு புனிதர்களின் நாளில் கடைசியாக ஒரு உறைபனி விழும். அதுவரை யாரும் தக்காளி நட மாட்டார்கள். காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது தெரு, கூரை, வேலி, எல்லாம் வெள்ளை. கல்மேடும் வெள்ளை. நடுவில் மட்டும் ஒரு சமையலறை அகலத்துக்குக் கறுப்பு.

நான் அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாலென்டியின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சர்ச்சில் அவன் ஒரு பாட்டும் பாடவில்லை.

மே 14

போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கல்லுக்கடியில் கை வைக்க முடியவில்லை என்கிறான். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை.

என் யோசனை. என் யோசனைதான். வேறு யாருக்காவது இது வரக் கூடாதா?

மே 16

எங்கள் சமையலறையில் கூட்டம், புகையிலைப் புகையில் யார் முகமும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். ஒரே வழி, மேட்டைப் பிரித்துக் கரியைப் பரப்பி ஆறவிட வேண்டும். நூறு பேர், நூறு மண்வெட்டி, பட்டப்பகல், காவல்கூண்டுக்கு எதிரிலேயே.

டூக்கர்ஸ் எழுந்து நின்றான். "எரிஞ்சாலும் எரியட்டும். பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு கூடை கிடையாது."

"குளிர்காலத்துல உன் கொள்கையை அடுப்புல போட்டு எரிக்கவா?" என்றாள் ஒட்டிலீ அக்கா.

கடைசியில் நடுவழி ஒன்று. காற்றுப் போகாதபடி மேலே களிமண் பூசினால் தீ மூச்சடைத்துச் சாகும். ஆண்கள் மேட்டில் ஏறினால் சந்தேகம் வரும். ஆகவே பெண்கள். ஆகவே குழந்தை வண்டி.

மே 24

களிமண் சுமந்து முதுகு போயிற்று. வண்டியில் அடியில் மண், மேலே ஒட்டிலீ அக்கா பேத்தி. குழந்தைக்கு ஒரே குஷி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஊர்வலம். மேட்டுக்கு எதற்குப் போகிறோம் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டுமே என்று, பூசின களிமண்ணில் உருளைக்கிழங்கு நட்டிருக்கிறோம். கல்மேட்டில் உருளைக்கிழங்கு. இதையும் நம்பினால் அவர்கள் எப்படித்தான் போரில் ஜெயித்தார்கள்?

ஜூன் 6

நம்பவில்லை.

காலையில் களை பிடுங்குவதுபோலக் குனிந்திருந்தேன். நிழல் விழுந்தது. அந்தக் கார்ப்பொரல்.

"இங்க எதுக்கும்மா உருளைக்கிழங்கு?"

"சாப்பிடத்தான்."

குந்தி உட்கார்ந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான். "தோண்டும்போதே அவிச்சதா வரும் போல."

நான் இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவனோ அவசரமில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டான். பெயர் ஆன்செல்ம். லான்ஸ் பக்கத்துச் சுரங்க ஊர். பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கியவன். "வந்த வாரமே வாடை புடிச்சுட்டேன். இந்த வாடை எனக்குத் தெரியாதா?"

"மேல சொல்லலியா?"

"யாரும் கேக்கலியே."

ஜெர்மன் எங்கே கற்றாய் என்றேன். "எங்க வீட்டு மாடியில உங்க ஆளுங்க மூணு வருஷம் இருந்தாங்க. அவங்ககூட வேற என்ன பாஷை பேசுறது?" கோபமில்லாமல் சொன்னான். "போறப்போ சுரங்கத்தை வெடிவெச்சு உடைச்சுத் தண்ணியை விட்டுட்டுப் போனாங்க. எங்கப்பா இன்னும் இறைச்சுட்டிருக்காரு. எங்க ஊருக்குக் கரி வேணும்மா. அதுக்குத்தான் நாங்க இங்க வந்து நிக்கிறோம்."

என்ன பதில் சொல்வது? நான் உடைக்கவில்லை, நான் போலந்துக்காரி என்றா? வாயில் வந்தது, விழுங்கினேன். வெந்நீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றான்.

ஜூன் 7

வெந்நீர் கொடுத்ததைத் தெருவே பார்த்திருக்கிறது.

ஜூன் 21

களிமண் வெடித்து, வெடிப்புகளிலிருந்து நூல் நூலாகப் புகை. பட்டினி போட்டால் சாகும் என்று பார்த்தோம், அது சாகிற தீ இல்லை. உருளைக்கிழங்குச் செடி ஒரு பக்கம் முழங்காலுயரம் வளர்ந்து நிற்கிறது, மறுபக்கம் கருகிவிட்டது.

ஜூலை 9

காலையில் ஒட்டிலீ அக்கா அலறினாள். மேட்டை ஒட்டின கொட்டகையில் அவள் ஆடு காலை நீட்டிக் கிடந்தது. வெளியே இழுத்துப் போட்டு விசிறினோம், பிழைத்துக்கொண்டது. காற்றில் ஏதோ கலந்திருக்கிறது; வாடைகூட இல்லாத ஏதோ. கடைசி வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்கு நாலு நாளாகத் தலைவலி. நாங்கள் வெயில் என்று நினைத்தோம்! வெயில்!

டூக்கர்ஸிடம் போனேன். "இன்னும் ஒரு வாரம் பொறு பெலாஜியா, பெர்லின்ல பேச்சு நடக்குது" என்றான்.

"ஆட்டுக்குப் பதிலா யார் வீட்டுப் பிள்ளையாவது கிடந்தா பெர்லின்ல என்ன பேசுவாங்க?"

மீசையைத் தடவினான். அவன் கெட்டவன் இல்லை. ஆறு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், இப்போது வாயைத் திறக்கத் தெரியவில்லை. வாலென்டியிடம் கேட்டேன். குனிந்து பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினான். "நான் போனா காட்டிக் கொடுத்தவன். நீ போனா…" என்று நிறுத்தினான்.

"நான் போனா?"

"அதேதான்" என்றான். "ஆனா போ."

ஜூலை 10

போனேன். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வைத்துக்கொண்டு போனேன், எதற்கென்று தெரியவில்லை. ஆன்செல்ம் என்னை அவன் லெப்டினன்டிடம் கூட்டிப்போய் மொழிபெயர்த்தான். கல்மேட்டுக்கடியில் கரி இருக்கிறது, எரிகிறது, பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குப் புகை வருகிறது, பிரித்தெடுக்க ஆள் வேண்டும், எடுத்ததில் பாதி எங்களுக்கு வேண்டும். லெப்டினன்ட் கடைசிப் பகுதிக்கு மட்டும் சிரித்தார்.

மத்தியானம் நாற்பது சிப்பாய்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். துப்பாக்கி முனை தெரிந்ததும் எங்கள் ஆண்கள் உத்தரவுப்படி வேலையை நிறுத்தி, வேலியோரம் வரிசையாகப் பையில் கை விட்டுக்கொண்டு நின்றார்கள். கரி வெட்டிப் பழகிய நூற்றைம்பது பேர், கரி அள்ளத் தெரியாத நாற்பது பேரை வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவன் மண்வெட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்து வாலென்டி கண்ணை மூடிக்கொண்டான்.

பெண்களைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. ஒட்டிலீ அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகினாள். "நகருடா" என்று ஒரு சிப்பாயிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். அப்புறம் நான். அப்புறம் இருபது பேர். நாலு நாள் ஆகும்போல. உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருப்பதை வெளியே இழுத்தபோது கண் இமை மயிர் கருகிற்று. என் முட்டைக்கோஸ்!

ஜூலை 14

முடிந்தது. மூன்றில் ஒரு பங்கு சாம்பல். மீதி முழுக்கப் பறிமுதல், வேகன்களில் மேற்கே போய்விட்டது. ஆன்செல்மின் ஆட்கள் ஏற்றும்போது வேலிக்கு இந்தப் பக்கம் தாராளமாகச் சிந்தினார்கள். வீட்டுக்கு மூன்று நாலு குழந்தை வண்டி தேறிற்று. பிள்ளைகளுக்குத் தலைவலி போய்விட்டது.

எங்கள் கதவில் யாரோ தார் பூசியிருக்கிறார்கள்.

ஜூலை 20

ரொட்டிக்கடைக்காரர் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் நிற்கிறவளைப் பார்க்கிறார். மூன்று பேர் போன பிறகுதான் என் முறை. இன்று ஒட்டிலீ அக்கா கூட வந்து கல்லாவைத் தட்டினாள். "இவ இல்லேன்னா என் ஆடு செத்திருக்கும். உனக்கு ஆட்டுப்பால் வேணுமா வேணாமா?" முறை வந்தது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு நல்ல பெயர் வேண்டும் என்று எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 8

காவல்கூண்டை எடுத்துவிட்டார்கள். ஆன்செல்மும் போய்விட்டான். வேலியில் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், கழுவி.

செப்டம்பர் 27

நேற்று பெர்லின் ஒத்துழையாமையைக் கைவிட்டுவிட்டது. பணம் தீர்ந்துவிட்டதாம். எல்லோரும் வேலைக்குத் திரும்பலாம்.

எட்டு மாதம். டூக்கர்ஸ் தெருவில் நின்று பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தில் வேறு ஏதாவது போட்டிருக்குமோ என்பதுபோல. பார்க்கச் சகிக்கவில்லை. என்னிடம் பேசாமலிருந்தவனிடம் நானே போய்ப் பேசினேன். "உள்ள வா, காப்பி இருக்கு." வறுத்த பார்லிதான், ஆனாலும் காப்பி என்றுதான் சொல்வது. வந்து குடித்தான். கதவைப் பார்த்தான், தார் இன்னும் போகவில்லை. "நான் பூசலை" என்றான். "தெரியும்" என்றேன்.

அக்டோபர் 30

சுரங்கம் பாதி ஆட்களைத்தான் திரும்ப எடுத்தது. அவர்களுக்கும் வேலை நேரம் கூடுதல். வாலென்டி இல்லை. டூக்கர்ஸும் இல்லை. துப்பாக்கி முனைக்கும் பயப்படாமல் இவர்களே மூடின வாசல், இப்போது இவர்கள் முகத்திலேயே மூடிக்கொண்டது. ரொட்டி விலையை எழுதப் போவதில்லை, மை காய்வதற்குள் மாறிவிடும்.

நவம்பர் 20

சிந்தின கரி தீர்ந்தது. மறுபடி வேலிக்கட்டை. இந்தத் தடவை எங்கள் வீட்டுடையது.

சத்திரத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து ஆள் எடுக்கிறாராம், பிரான்ஸ் வடக்குச் சுரங்கங்களுக்கு. போலிஷ்காரர்கள் என்றால் உடனே. வீடு உண்டு, பங்குக்கரி உண்டு. வாலென்டி இரண்டு நாளாக அதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தான். நானே கேட்டேன். "எந்த ஊராம்?"

"லான்ஸ் பக்கம்."

ஆன்செல்ம் சொன்ன அதே லான்ஸ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்.

டிசம்பர் 18

காலனியில் பதினோரு குடும்பம் கிளம்புகிறது. பிரெஞ்சுக்காரன் ஓட்டுகிற ரயிலில்தான். ஒட்டிலீ அக்கா ஸ்டேஷன்வரை வந்தாள், பிளாட்பாரத்தில் கால் வைக்க மாட்டேன் என்று வெளியிலேயே நின்றாள். அப்புறம் மனசு கேட்காமல் உள்ளே ஓடி வந்து என் பெட்டியில் ஒரு பாலாடைக்கட்டியைத் திணித்தாள். "போய்க் கடுதாசி போடு. போடலேன்னா நடந்தே வருவேன்" என்றாள். வருவாள்.

1924 பிப்ரவரி 5, செவ்வாய்

செங்கல் வீடு, புதுச் சுண்ணாம்பு வாசனை, ஈரச் சுவர். இந்த வரிசையில் எல்லாமே போன வருஷம் கட்டினவை. பழைய ஊர் போரில் தரைமட்டம். வந்த நாளிலிருந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தோம். இன்றுதான் முதல் பங்குக்கரி வாசலில் கொட்டினார்கள்.

வாலென்டி ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். இன்னொன்றை எடுத்தான். "இது நம்ம கரி" என்றான்.

"கரிக்கு முகமா இருக்கு?"

"பதினஞ்சு வருஷம் வெட்டினவனுக்கு இருக்கு."

பக்கத்து வீட்டுக்காரியும் எங்களைப்போல ரூர் பகுதியிலிருந்து வந்தவள்தான், ஒரு வருஷம் முந்தி. வேலிமேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஜெர்மனியிலேர்ந்துதான் வருது. இங்க கீழ்மட்டம் இன்னும் தண்ணிக்குள்ள இருக்கு. உன் புருஷனை எதுக்கு எடுத்திருக்காங்கன்னு நெனச்சே? மொதல்ல இறைக்கணும், அப்புறந்தான் வெட்டணும்."

பிள்ளைகளைக் கூப்பிட்டு வாளி வாளியாக உள்ளே எடுத்தோம். அறுபது வீட்டுக்கென்று ஒளித்தோம், இவர்களுக்கு ஒரு கூடை கிடையாது என்றோம். இப்போது நாங்களே அதன் பின்னால் வந்து இவர்கள் பங்கை வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஒட்டிலீ அக்கா வீட்டில் இந்நேரம் அடுப்பில் என்ன எரிகிறதோ. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கை என்னவோ நிற்கவில்லை, அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது.

அடுப்பு முழுக்கச் சிவந்துவிட்டது. பிள்ளைகள் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் விளையாடுகிறார்கள். வாலென்டி நாளைக் காலைக்குப் பூட்ஸை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறான். தண்ணீர் இறைக்கிற வேலை, நீளப் பூட்ஸ்.